ஆண்டுக் கையேட்டில் இருந்த குற்றம்: ‘ஸ்பாட்லைட்’ படம் பற்றி ஒரு பதில்

கேள்வி இது: “‘ஸ்பாட்லைட்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். துரத்தல் இல்லை, மிரட்டல் இல்லை, வில்லன் என்று ஒருவரும் கண்ணில் படவில்லை. இரண்டு மணி நேரமும் நான்கு பேர் ஃபைல் புரட்டுகிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள். இதற்கு எப்படிச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது? இதில் எவ்வளவு நிஜம்?”

நான் ஒரு தமிழ் நாளிதழில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்திப் பிரிவில் இருந்தவன். ஆகவே என் பதிலில் கொஞ்சம் தொழில் பாசம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்கர் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2016 பிப்ரவரியில் நடந்த விழாவில் இந்தப் படத்துக்குக் கிடைத்தவை இரண்டே விருதுகள்: சிறந்த படம், சிறந்த அசல் திரைக்கதை. போஸ்டன் நகரில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிறுவர்களிடம் செய்த பாலியல் குற்றங்களையும் திருச்சபை அவற்றை மூடி மறைத்ததையும் ஒரு நாளிதழ் வெளிக்கொண்டுவந்த கதை இது. இயக்குநர் டாம் மெக்கார்த்தி. திரைக்கதை அவரும் ஜோஷ் சிங்கரும். நடிப்புக்கு இல்லை, ஒளிப்பதிவுக்கு இல்லை. சிறந்த படம் என்ற விருதோடு வேறு ஒரே ஒரு விருது மட்டும் பெற்ற படம் அதற்கு முன் வந்தது 1950களின் தொடக்கத்தில். அதாவது, தேர்வு செய்தவர்களுக்கும் இதில் தனியாக மின்னுகிற எதுவும் தெரியவில்லை. கூட்டாக ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்று என்ன என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

வில்லன் கண்ணில் படவில்லை என்கிறீர்கள். பட்டார், நீங்கள் கவனிக்கவில்லை. படத்தின் முதல் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். 1976, போஸ்டனில் ஒரு காவல் நிலையம், குளிர்கால இரவு. உள்ளே ஒரு தாய், பிள்ளைகள். ஒரு ஆயர் (பிஷப்) அந்தத் தாயிடம் மென்மையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் வருகிறார், பார்க்கிறார், போகிறார். நீதிமன்றத்தில் நிறுத்தும்போது பத்திரிகைக்காரர்கள் வந்துவிடுவார்களே என்று இளம் காவலர் கேட்க, எந்த நீதிமன்றம் என்று மூத்தவர் திருப்பிக் கேட்கிறார். வெளியே கறுப்புக் கார் ஒன்று பாதிரியாரை ஏற்றிக்கொண்டு பனியில் நகர்கிறது. அந்தக் காட்சியில் யாரும் குரலை உயர்த்தவில்லை. எல்லோரும் நல்லவர்களாக, பதமாக, ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருக்கிறார்கள். அந்த ஒத்தாசைதான் வில்லன்.

காரில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர் ஜான் கேகன். 1962இல் குருப்பட்டம் பெற்றவர். போஸ்டன் உயர் மறைமாவட்டத்தில் (பேராயரின் கீழ் உள்ள திருச்சபை நிர்வாகப் பகுதி) அரை டஜன் பங்குகளில், அதாவது கோவில் வட்டாரங்களில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாறி மாறி வேலை பார்த்தார். ஒவ்வொரு பங்கிலும் புகார் எழும். சிகிச்சைக்கு அனுப்புவார்கள், குணமாகிவிட்டது என்று சான்று வரும், அடுத்த பங்கு. 130க்கும் மேற்பட்டவர்கள், சிறுவயதில் அவரால் பாதிக்கப்பட்டதாகப் பின்னாளில் சொன்னார்கள். 1984இல் பெர்னார்ட் லா (பின்னாளில் கர்தினால்) போஸ்டனுக்குப் பேராயராக வந்த முதல் ஆண்டிலேயே ஏழு சிறுவர்கள் பற்றிய புகார் அவர் காதுக்குப் போனது. அந்த நவம்பரில் கேகனுக்கு வெஸ்டன் என்ற வசதியான புறநகரில் புதிய பங்கு கிடைத்தது. டிசம்பரில் துணை ஆயர் ஒருவரே, இந்த நியமனம் சரியல்ல என்று லாவுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

லா சாதாரண மனிதர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் இளம் குருவாக இருந்தபோது மறைமாவட்டப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, கறுப்பின மக்களின் உரிமைக்கு ஆதரவாக எழுதியவர். எந்தச் செய்தியை வெளியிட வேண்டும், எது ஊரைச் சுடும் என்று தெரிந்த பத்திரிகைக்காரர். படம் இதை ஒரு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எனக்கு அது குறையாகவே தோன்றுகிறது. ஒரு கொடியவரைவிட, நல்லது செய்த கையோடு இதையும் செய்தவர்தான் நம்மைத் தூங்கவிடாமல் அடிக்கக்கூடியவர்.

இனி செய்தித்தாள் பக்கம். ‘தி போஸ்டன் குளோப்’ நாளிதழில் 1970இலிருந்து ‘ஸ்பாட்லைட்’ என்று ஒரு சிறு புலனாய்வுக் குழு இருக்கிறது. அன்றாடச் செய்தியிலிருந்து விலகி மாதக்கணக்கில் ஒரே விஷயத்தைத் தோண்டுவது அவர்கள் வேலை. 2001இல் அதில் நால்வர்: தலைமை வால்டர் ராபின்சன் (படத்தில் மைக்கேல் கீட்டன்), மைக் ரெசண்டஸ் (மார்க் ரஃபலோ), சாஷா ஃபைஃபர் (ரேச்சல் மெக்ஆடம்ஸ்), மேட் கேரல் (பிரையன் டார்சி ஜேம்ஸ்). மூவர் போஸ்டன் மண்ணிலேயே ஊறியவர்கள். நால்வருமே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அந்த ஆண்டு ஜூலை இறுதியில் மயாமியிலிருந்து மார்ட்டி பாரன் (லீவ் ஷ்ரைபர்) ஆசிரியராக வந்து சேர்கிறார். வெளியூர்க்காரர், யூதர், அந்த ஊர் உயிரைவிடும் பேஸ்பாலில் ஆர்வமில்லாதவர். முதல் நாள் கூட்டத்திலேயே, தங்கள் பத்திரிகையில் வந்த ஒரு பத்தியைக் காட்டிக் கேட்கிறார்: கேகன் வழக்கின் ஆவணங்கள் நீதிமன்றத்தில் முத்திரையிட்டுக் கிடக்கின்றனவே, அதை உடைக்க நாம் ஏன் மனுப் போடவில்லை?

இந்தக் கேள்வி நிஜமாகவே கேட்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு அது தோன்றவே இல்லை. அவர்கள் கோழைகள் என்பதல்ல காரணம். கர்தினால் மீது வழக்குப் போடுவது என்பது அந்த ஊர் மனத்தில் இல்லாத ஒரு வினைச்சொல். சந்தாதாரர்களில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர்கள் என்று படத்தில் பதிப்பாளர் எச்சரிக்கிறார். அவர்களுக்கும் இது ஆர்வமாகத்தான் இருக்கும் என்கிறார் பாரன். குளோப் அலுவலகத்துக்கு எதிர்ப்புறச் சாலையிலேயே இருந்தது, ராபின்சன் படித்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி. அந்தப் பள்ளியிலும் ஒரு குற்றவாளி இருந்திருக்கிறார் என்று தெரியவரும்போது, இத்தனை காலம் சாலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது என்கிற அதிர்ச்சி கீட்டன் முகத்தில் ஒரு நொடி வந்து போகும்.

இப்போது நீங்கள் அலுப்பாக உணர்ந்த ‘ஃபைல் புரட்டுதல்’ பற்றி. என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சக் காட்சியே அதுதான். உயர் மறைமாவட்டம் ஆண்டுதோறும் ஒரு கையேடு அச்சிடும். எந்தப் பங்கில் எந்த அருட்தந்தை என்ற பட்டியல். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பத்திரிகை நூலகத்திலும் வரிசையாக அடுக்கி இருந்தது. புகாருக்கு உள்ளான பாதிரியாரின் பெயருக்கு நேரே, இடமாற்றத்துக்கு நடுவில் இருக்கும் அந்த ஓராண்டில், ‘உடல்நல விடுப்பு’ என்றோ ‘பணி ஒதுக்கப்படவில்லை’ என்றோ இருப்பதை நிருபர்கள் கவனிக்கிறார்கள். உடனே தேடலைத் தலைகீழாகத் திருப்புகிறார்கள். பாதிரியாரைக் கண்டுபிடித்து விடுப்பைத் தேடுவதற்குப் பதில், விடுப்பைக் கண்டுபிடித்துப் பாதிரியாரைத் தேடுவது. ஸ்கேலை வைத்து வரிவரியாக, ஆண்டு ஆண்டாக. மேட் கேரல் அதைக் கணினியில் அட்டவணையாக ஏற்றுகிறார்.

முன்னாள் துறவியும் உளவியல் சிகிச்சையாளருமான ரிச்சர்ட் சைப் தொலைபேசியில், குருக்களில் சுமார் 6 சதவீதம் பேர் இப்படி இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். போஸ்டனில் 1,500 குருக்கள், அப்படியானால் 90. அபத்தம் என்று நினைக்கிறார்கள். கையேட்டிலிருந்து எடுத்த பெயர்களை எண்ணிப் பார்த்தால், படத்தில், 87. அந்த எண் வரும்போது அறையில் விழும் மௌனத்துக்கு எந்தத் துரத்தல் காட்சியும் ஈடாகாது. அந்தக் கையேட்டை அச்சிட்டவர்களே குற்றத்தை அச்சிட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அது அலமாரியில் முதுகு தெரிய நின்றுகொண்டிருந்திருக்கிறது. யாரும் இரண்டு ஆண்டுக் கையேடுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். ‘உடல்நல விடுப்பு’ எவ்வளவு கண்ணியமான சொல் பாருங்கள். அதைப் படித்த பங்கு மக்கள் அந்தச் சாமியாருக்காகச் செபமாலை சொல்லியிருப்பார்கள்.

நிஜத்தில் எண்ணிக்கை இப்படி அழகாகத் திரளவில்லை. முதல் செய்தி 2002 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை, மூன்று ராஜாக்கள் திருநாளன்று வந்தது. அது கேகன் ஒருவரைப் பற்றியதுதான், ஆனால் அவரை நகர்த்திக்கொண்டே இருந்த நிர்வாகத்தைப் பற்றியது. ஜனவரி 31இல் வந்த செய்தி, முந்தைய பத்து ஆண்டுகளில் குறைந்தது 70 பாதிரியார்கள் மீதான புகார்களைத் திருச்சபை ரகசியமாகப் பணம் கொடுத்து முடித்திருக்கிறது என்றது. அந்த ஆண்டில் மட்டும் குளோப் இது குறித்து 600க்கு நெருக்கமான செய்திகளை வெளியிட்டது. 2003இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு.

ரகசியமாகப் பணம் என்றேனே, அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்பது படத்தில் வேகமாகக் கடந்துவிடும். மாசசூசெட்ஸ் சட்டப்படி அறக்கட்டளை நிறுவனங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு 20,000 டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. பழைய குற்றங்களுக்குக் காலவரம்பு தாண்டியிருக்கும். வழக்கறிஞர் என்ன செய்வார்? நீதிமன்றத்துக்கே போகாமல், ஆயர் இல்லத்தோடு நேரில் பேசித் தொகை வாங்கி, மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொண்டு, வாய்திறக்க மாட்டேன் என்று பாதிக்கப்பட்டவரிடம் கையெழுத்து வாங்குவார். வழக்கு இல்லை, ஆகவே பதிவு இல்லை. பதிவு இல்லாததால் செய்தியும் இல்லை. எல்லாம் சட்டப்படி. இந்தப் பாதையில் போகாமல் முரண்டு பிடித்தவர் மிட்செல் கரபேடியன் என்ற ஆர்மீனிய வம்சாவளி வழக்கறிஞர் (ஸ்டான்லி டூச்சி, படத்தின் சிறந்த நடிப்பு என்பேன்). முத்திரையிட்ட ஆவணங்களில் பதினான்கை வேறொரு மனுவோடு இணைத்துப் பொதுப் பதிவுக்குள் நுழைத்துவிடுகிறார். ரெசண்டஸ் போய்க் கேட்டால் நீதிமன்றக் கோப்பில் அவை இல்லை. பிறகு அவை கிடைத்து, நகலெடுத்துக்கொண்டு டாக்சியில் ஓடுகிறாரே, அதுதான் நீங்கள் தேடிய துரத்தல். துரத்துபவர் யாரும் இல்லாத துரத்தல்.

எவ்வளவு நிஜம் என்பதற்கு வருகிறேன். அடிப்படை நிகழ்வுகள் நிஜம். ஆனால் மூன்று இடங்களில் கவனமாக இருங்கள். முதலாவது, ராபின்சன் படித்த அந்தப் பள்ளியின் நிர்வாகத்தில் இருந்த ஒருவர், போஸ்டன் கல்லூரியின் செய்தித் தொடர்பாளர், விஷயத்தை அமுக்கப் பார்ப்பதுபோல ஒரு காட்சி வரும். அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் வாயில் வைத்த வசனம் கற்பனை என்று படத்தை வெளியிட்ட நிறுவனமே 2016 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. உயிரோடு இருக்கும் மனிதரின் நிஜப் பெயரை வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் மௌனம் பற்றிய படத்தில் இதைச் செய்தது எனக்கு உறுத்தல்தான். இரண்டாவது, மூத்த நிருபர் ஸ்டீவ் குர்ஜியன் இதில் பெரிய விஷயமில்லை என்று தோளைக் குலுக்குபவராக வருகிறார். உண்மையில் அவர் இந்தச் செய்திகளில் உழைத்தவர்களில் ஒருவர்.

மூன்றாவதுதான் முக்கியம். படத்தின் இறுதிப் பகுதியில் ஒரு வழக்கறிஞர் ராபின்சனைப் பார்த்துச் சொல்கிறார்: 1993இலேயே இருபது பாதிரியார்களின் பட்டியலை உங்கள் பத்திரிகைக்கு அனுப்பினேனே, உள்ளூர்ப் பக்கத்தில் புதைத்துவிட்டீர்களே. தேடிப் பார்த்தால் கத்தரிப்பு கிடைக்கிறது. அப்போது நகரச் செய்திப் பிரிவின் ஆசிரியர் யார்? ராபின்சன்தான். ஆசிரியர் அறையில் அதை அவர் ஒப்புக்கொள்ளும் காட்சி 2001இல் நடந்ததல்ல. திரைக்கதைக்காகத் தகவல் சேகரித்தபோது எழுத்தாளர்கள்தான் இதைக் கண்டெடுத்தார்கள். புலனாய்வு நிருபரைப் பற்றி எழுத வந்தவர்கள் அவரையே புலனாய்ந்துவிட்டார்கள். ராபின்சன் அதைப் படத்திலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை வணங்குவேன்.

இங்கே கொஞ்சம் சொந்தக் கதை. செய்திப் பிரிவில் இரவுப் பணியில் இருப்பவனுக்குப் பதினோரு மணிக்கு மேல் வரும் மாவட்டச் செய்திகள் எல்லாம் அளவுகள்தான். இது ஆறு வரி, இது ஒற்றைப் பத்தி. விடுதிக் காப்பாளர் மீது புகார், ஆசிரியர் பணியிட மாற்றம், பெற்றோர் முற்றுகை. இப்படி எத்தனை வெட்டி ஏழாம் பக்கத்தின் அடியில் வைத்திருப்பேன்! ‘பணியிட மாற்றம்’ என்று முடியும் செய்தி எனக்கு அன்று முடிந்த செய்தி. எந்த ஊருக்கு மாற்றினார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தப் படத்தை முதல்முறை பார்த்த இரவு, அந்த ஏழாம் பக்கங்கள்தான் கண்முன் ஓடின.

குளோப்தான் முதலில் கண்டுபிடித்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். 1985இலேயே லூசியானாவில் ஜேசன் பெர்ரி என்ற செய்தியாளர் ஒரு பாதிரியாரின் வழக்கைத் தொடர்ந்து எழுதியிருந்தார். கத்தோலிக்க வார இதழான ‘நேஷனல் கத்தோலிக் ரிப்போர்ட்டர்’ அதை வெளியிட்டது. போஸ்டனிலேயே ‘ஃபீனிக்ஸ்’ என்ற வார இதழில் கிறிஸ்டன் லொம்பார்டி 2001 மார்ச்சில் கேகன் பற்றி விரிவாக எழுதினார், பாரன் வருவதற்கு நான்கு மாதம் முன்பே. படம் அந்த இதழை ஏளனமான ஒரு வசனத்தில் ஒதுக்கிவிடுகிறது. 1992இல் பக்கத்து மறைமாவட்டத்தில் ஜேம்ஸ் போர்ட்டர் என்ற முன்னாள் பாதிரியாரின் குற்றங்களைக் குளோப் எழுதியபோது, பத்திரிகைகள் மீது, குறிப்பாகக் குளோப் மீது, கடவுளின் வல்லமை இறங்கட்டும் என்று கர்தினால் லா பொதுமேடையில் சொன்னார். நம் ஊர்க் கிழவி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவதுபோல. சாபம் பலித்ததா தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு அந்தப் பத்திரிகை முத்திரையை உடைக்கக் கேட்கவில்லை.

பின்கதையையும் கேட்டுவிடுங்கள். 2002 டிசம்பர் 13 அன்று லா பேராயர் பதவியிலிருந்து விலகினார். 2004இல் அவருக்கு ரோம் நகரின் நான்கு பெரும் பேராலயங்களில் ஒன்றான புனித மேரி பேராலயத்தில் பொறுப்பு வழங்கப்பட்டது. சாமானியப் பாதிரியாருக்கு ‘உடல்நல விடுப்பு’, கர்தினாலுக்கு ரோமாபுரி. கேகன் 2002இல் தண்டனை பெற்று, அடுத்த ஆண்டு சிறையிலேயே இன்னொரு கைதியால் கொல்லப்பட்டார். 2003இல் பாதிக்கப்பட்ட 552 பேருக்கு 8.5 கோடி டாலர் இழப்பீடு தர உயர் மறைமாவட்டம் ஒப்புக்கொண்டது. லா வசித்த மாளிகையோடு சேர்ந்த பிரைட்டன் நிலம் மறு ஆண்டே விற்கப்பட்டது. 1950 முதல் 2002 வரை அமெரிக்காவில் 4,392 குருக்கள் மீது புகார் எழுந்திருந்தது என்று ஆயர்களே கேட்டு வாங்கிய ஆய்வு 2004இல் சொன்னது. அது ஏறக்குறைய 4 சதவீதம்.

இது அமெரிக்கக் கதை மட்டும்தானா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியார் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது சிறுமியரிடம் தவறாக நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, அதற்குள் இந்தியா திரும்பியிருந்தார். 2012இல் இங்கே கைது. 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு. மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுத் திரும்பினார். அவர் மீதான இடைநீக்கம் நீக்கப்பட்டது என்ற செய்தி வெளியானது 2016 பிப்ரவரியில். ‘ஸ்பாட்லைட்’ ஆஸ்கர் வாங்கிய அதே மாதம். மேடையில் தயாரிப்பாளர் ஒருவர் போப் பிரான்சிசைப் பெயர் சொல்லி அழைத்து, குழந்தைகளைக் காக்கும் நேரம் வந்துவிட்டது என்றார். வத்திக்கான் நாளேட்டில் ஒரு கட்டுரை, இது கத்தோலிக்கத்துக்கு எதிரான படமல்ல என்று எழுதியது. இரண்டையும் ஊட்டிச் செய்தியோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும், கையேடுகளைப் படித்தது போல.

மறுபடி பார்ப்பதாக இருந்தால், ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் நடக்கும்போதெல்லாம் கூரைகளுக்கு மேலே ஒரு கோபுரம் எட்டிப் பார்க்கும். ஓரிடத்தில், சிறுவயதில் பாதிக்கப்பட்ட ஒருவர் சாஷாவோடு நடந்துகொண்டே தன் கதையைச் சொல்லிவிட்டு நிமிர்கிறார். எதிரே ஒரு கோவில், அதை ஒட்டிக் குழந்தைகள் விளையாடும் திடல். வேறெங்கே இருக்கும் என்பதுபோல அவர் சிரிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. சாஷா குறிப்பேட்டை மூடவில்லை.